டயாலிசிஸ்ல ஏத்துற அயர்ன் ஊசி உள்ளுக்குள்ள துருப்பிடிக்க வைக்குதா?

டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க வீட்ல அடிக்கடி வர்ற குழப்பம் இது. "இரும்பு கம்மியா இருக்கு, டயாலிசிஸ் ஓடும்போதே அயர்ன் ஏத்திடுறோம்"னு யூனிட்ல சொல்றாங்க, வீட்டுக்கு வந்து நெட்ல தேடினா "ரத்தத்துல நேரா இரும்பு ஏத்தினா ஃப்ரீ ராடிக்கல் கிளம்பும், ரத்தக்குழாய் கெடும், ஹார்ட்டுக்கு ஆகாது"ன்னு வருது, போதாக்குறைக்கு ரெண்டையும் சொல்றது டாக்டர்கள்தான். இதுல யாரும் பொய் சொல்லல. ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் (ஃப்ரீ ராடிக்கல் கை ஓங்கிப் போற நிலைமை) ஏறுறது உண்மை, அதே ஊசியை ஒழுங்கா போட்டுக்கிட்டவங்க வருஷக்கணக்குல நல்லா இருந்ததும் உண்மை. இது ரெண்டும் எப்படி ஒண்ணா பொருந்துதுன்னு புரியணும்னா கொஞ்சம் அடியில இருந்து வரணும்.

உடம்போட இரும்புக் கணக்கு

ஒரு பெரியவங்க உடம்புல மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும், அவ்வளவுதான். அதுல பாதிக்கு மேல ரத்தச் சிவப்பணுக்குள்ள ஹீமோகுளோபினா இருக்கு, மீதியில பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில சேமிப்பா இருக்கு. ரத்தத்துல ஓடிட்டு இருக்கிறது எவ்வளவுன்னா வெறும் 3, 4 மில்லிகிராம். அதுவும் சும்மா மிதக்காது, டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதம் அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுதான் கொண்டு போகும். இந்தப் பிடி ஏன் முக்கியம்னு பின்னாடி வரும்.

சாப்பாட்டுல இருந்து குடல் வழியா ஒரு நாளைக்கு உள்ள வர்றது 1, 2 மில்லிகிராம்தான். ஆனா புது ரத்தம் ஊற தினமும் 20, 25 மில்லிகிராம் வேணும். அது எங்கிருந்து வருதுன்னா, வயசான சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்னு சொல்ற செல்கள் தின்னு, அதுல இருக்கிற இரும்பை உருவி திரும்ப விடுது. ஒரு பொட்டு வீணாகாத ரீசைக்கிளிங் ஏற்பாடு. இதுல இன்னொரு விஷயம், அதிகப்படி இரும்பை வெளிய தள்ள உடம்புக்குன்னு தனியா ஒரு வழியே கிடையாது. உள்ள விட்டா விட்டதுதான். அதனாலதான் உள்ள விடுற வாசலை உடம்பு அவ்வளவு கறாரா காவல் காக்குது.

டயாலிசிஸ்ல ஏன் தீருது, மாத்திரை ஏன் எடுபடல

1. ரத்த இழப்பு. ஒவ்வொரு செஷன் முடியும்போதும் டயலைசர்லயும் (ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஃபில்டர்) டியூபிங்லயும் கொஞ்சம் ரத்தம் தங்கும், ஊசி எடுத்த இடத்துல கொஞ்சம் கசியும், டெஸ்ட்டுக்குன்னு அடிக்கடி எடுப்பாங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் வேற போடுறதால குடல்ல தெரியாம கசியறதும் உண்டு. எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு 1 முதல் 3 கிராம் இரும்பு போயிடுது. மொத்தச் சொத்தே 3, 4 கிராம்னு மேல பார்த்தோம்ல.

2. இபிஓ ஊசி. ரத்தம் ஊறச் சொல்ற எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனைச் செய்றது கிட்னிதான், அது கெட்டுப்போனதால வெளியில இருந்து ஊசியா போடுறோம், 1989ல இருந்து இது புழக்கத்துல இருக்கு. அந்த ஊசி மஜ்ஜையை வேகமா வேலை வாங்கும், வேலைக்கு இரும்பு வேணும். 1 கிராம் ஹீமோகுளோபின்ல 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கு. உடம்புல 5 லிட்டர் ரத்தம்னு வெச்சா, எச்பி (ஹீமோகுளோபின் அளவு) ஒரு பாயின்ட் ஏற சுமார் 170 மில்லிகிராம் வேணும், 7ல இருந்து 10க்கு கொண்டு வர 500க்கும் மேல. இதைக் குடல் வழியா நாளைக்கு 1, 2 மில்லிகிராம்னு சேர்த்து எப்ப முடியும்.

3. ஹெப்சிடின். கல்லீரல்ல சுரக்கிற குட்டி ஹார்மோன் இது, 2000ஐ ஒட்டிதான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் பல வருஷப் புதிர் விடுபட்டுச்சு. குடல் செல்லுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் இரும்பு வெளிய போக ஃபெரோபோர்டின்னு ஒரே ஒரு கதவுதான், ஹெப்சிடின் வந்து அந்தக் கதவையே உடைச்சுடும். உடம்புல அழற்சி இருந்தா ஹெப்சிடின் ஏறும், கிட்னி வேலை செய்யலைன்னா அது வெளிய போகாம தேங்கும், டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு ரெண்டுமே உண்டு. அதனால மாத்திரை போட்டாலும் குடல்லயே நின்னுடுது, ஏற்கனவே சேமிப்புல இருக்கிறதும் முழுசா வெளிய வர மாட்டேங்குது. பெட்டகத்துல பணம் இருக்கு, சாவி இல்லைங்கிற கதை. டெஸ்ட்ல ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிச்சு வைக்கிற புரதம்) 600ன்னு காட்டும், ஆனா மஜ்ஜை பட்டினி கிடக்கும்.

ஆக, குடல் வாசல்ல காவல் இருக்கிறதால காவலைத் தாண்டி நேரா ரத்தக்குழாய்ல கொண்டு போய் இறக்குறோம். சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா காவல் சும்மா வெக்கல.

ஊசிக்குள்ள என்ன இருக்கு

பழுப்பு நிறத்துல இருக்கிற அந்த மருந்தோட நடுப்பகுதி ஃபெரிக் ஆக்சிஹைட்ராக்சைடு, வேதியியல்ல பார்த்தா துருவோட நெருங்கின சொந்தக்காரன். அதைச் சுத்தி சர்க்கரை வகையில ஒரு ஓடு. அந்த ஓடு எந்த வகைங்கிறதை வெச்சுதான் பேரே மாறுது: அயர்ன் சுக்ரோஸ், ஃபெரிக் குளூக்கோனேட், அயர்ன் டெக்ஸ்ட்ரான், ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ், ஃபெரிக் டெரிசோமால்டோஸ்.

நியாயமா நடக்க வேண்டியது என்னன்னா, இந்தத் துகளை மேக்ரோஃபேஜ் முழுசா விழுங்கணும், உள்ள வெச்சு ஓட்டை உரிக்கணும், வந்த இரும்பை ஃபெரிட்டின்ல அடைச்சு வெச்சுக்கிட்டு தேவைக்கேத்த மாதிரி டிரான்ஸ்ஃபெரின் கையில கொடுக்கணும். முக்கால்வாசிக்கு மேல இப்படித்தான் நடக்குது. ஆனா எல்லா ஓடும் ஒரே மாதிரி இறுக்கம் இல்ல. சுக்ரோஸ், குளூக்கோனேட் ரெண்டும் கொஞ்சம் தளர்வு, மேக்ரோஃபேஜ் கைக்குப் போறதுக்கு முன்னாடியே ரத்தத்துலயே ஒரு சின்னப் பங்கு இரும்பு கழண்டு விழும். டெக்ஸ்ட்ரான், கார்பாக்ஸிமால்டோஸ், டெரிசோமால்டோஸ் இறுக்கமானது, கழலுறது கம்மி. அதனாலதான் இறுக்கமானதை ஒரே தடவையில 500, 1000 மில்லிகிராம் கூட கொடுக்க முடியுது, சுக்ரோஸை 100, 200ன்னு பிரிச்சுப் பிரிச்சு போடுறாங்க. வாரம் மூணு தடவை எப்படியும் வர்ற டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு பிரிச்சுப் போடுறது ஒரு தொந்தரவே இல்லைங்கிறதால சுக்ரோஸ் அங்க நிலைச்சுடுச்சு.

கழண்டு விழுந்த இரும்பு என்ன பண்ணும்

இரும்புக்கு ரெண்டு முகம் இருக்கு, ஃபெரஸ், ஃபெரிக். ஒரு எலக்ட்ரானை விட்டா ஃபெரிக், வாங்கினா ஃபெரஸ், இப்படி மாறி மாறிக் கொடுத்து வாங்குறது அதுக்குக் கைவந்த வேலை. ஆக்சிஜனைச் சுமக்கவும் செல்லுக்குள்ள எனர்ஜி செய்யவும் இந்தக் குணம்தான் உதவுது. ஆனா புரதம் எதுவும் பிடிச்சுக்காத இரும்பு, செல்லுங்க சாதாரணமா உண்டாக்குற ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்திச்சா ஒரு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்து அதை உடைச்சுடும், உடைஞ்சதுல ஹைட்ராக்சில் ராடிக்கல்னு ஒண்ணு பிறக்கும். 1894ல ஃபென்டன் எழுதி வெச்ச வினை, அவர் பேர்லயே இன்னைக்கும் சொல்றாங்க. ஹைட்ராக்சில் ராடிக்கல் ரொம்ப நேரம் உயிரோட இருக்காது, ஆனா பிறந்த இடத்துல பக்கத்துல எது இருக்கோ, செல்லோட கொழுப்புச் சவ்வோ, புரதமோ, டிஎன்ஏவோ, அதைக் கடிச்சுட்டுத்தான் போகும்.

இப்படி கடிக்கிற பொருள் ஒரு பக்கம், அதை அடக்குற ஆன்டிஆக்ஸிடன்ட் இன்னொரு பக்கம், முதல் பக்கம் ஓங்கிப் போற நிலைமைக்குப் பேர்தான் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ். மனசு சம்பந்தப்பட்ட ஸ்ட்ரெஸ் இல்ல, நிறைய பேர் அப்படி நினைச்சுக்கிறாங்க. ராடிக்கலை நேரா அளக்க முடியாததால அது கடிச்சுப் போட்ட மிச்சத்தை அளப்பாங்க: கொழுப்பு கெட்டா மாலோன்டைஆல்டிஹைடு, புரதம் கெட்டா வேறொரு மார்க்கர், இப்படி.

இப்ப டிரான்ஸ்ஃபெரின் பிடி ஏன் முக்கியம்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு ரத்தம் இரும்பைப் பிடிக்கிற மொத்தக் கொள்ளளவு பெரும்பாலும் நார்மலை விட குறைவு, ஒரு டெசிலிட்டருக்கு 220 மைக்ரோகிராம்னு எடுத்துக்குவோம். பிளாஸ்மா 3 லிட்டர், அதாவது 30 டெசிலிட்டர். பெருக்கினா 6.6 மில்லிகிராம். அதுல கால்வாசி ஏற்கனவே நிறைஞ்சிருக்கும், காலியா இருக்கிறது சுமார் 5 மில்லிகிராம். நாம ஏத்துறது 100 மில்லிகிராம். அதுல 5 சதவீதம் கொஞ்ச நேரத்துல கழண்டாலே டிரான்ஸ்ஃபெரின் எல்லா சீட்டும் ஃபுல், அதுக்கு மேல வர்றது நின்னுக்கிட்டுதான் போகணும். அப்படி நிக்கிற இரும்பைத்தான் டிரான்ஸ்ஃபெரினோட சேராத இரும்புன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க, ஃபென்டன் வினைக்குப் போறது அதுதான். எவ்வளவு வேகமா ஏத்துறோம், ஒரே நேரத்துல எவ்வளவு ஏத்துறோம்ங்கிறது ஏன் பெரிய விஷயம்னு இந்தக் கணக்குலயே தெரியுது, நூறை ரெண்டு நிமிஷத்துல தள்ளுறதும் மெதுவா ஏத்துறதும் ஒண்ணு இல்ல.

டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு இது ஏற்கனவே எரியுற வீடு

ஆரோக்கியமானவங்களுக்கு இந்தச் சின்ன ஏத்தத்தை உடம்பு சமாளிச்சுடும். இங்க நிலைமை வேற.

1. யூரியா மாதிரி கழிவெல்லாம் தேங்கி இருக்கிறதே ஸ்ட்ரெஸ்ஸை ஏத்தி வெச்சிருக்கும், நிறைய பேருக்கு சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும்.
2. ரத்தம் டயலைசர் சவ்வுல உரசும்போது வெள்ளையணுக்கள் "எதிரி வந்துட்டான்"னு நினைச்சு ராடிக்கலைக் கக்கும். தண்ணி சுத்தம் சரியில்லைன்னா இன்னும் மோசம்.
3. காக்குற பக்கமும் பலவீனம். வைட்டமின் சி தண்ணில கரையுறதால ஒவ்வொரு செஷன்லயும் கழிவோட சேர்ந்து அதுவும் கழுவிப் போயிடும்.

அதனால இரும்பு ஊசி மட்டும்தான் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்குக் காரணம்னு எழுதுறது சரியில்ல, அது பல காரணத்துல ஒண்ணு. அதே நேரம் டாக்டரால கூட்டவோ குறைக்கவோ முடியுற காரணம் இது, அதனாலதான் இதைப் பத்தி இவ்வளவு பேச்சு.

மார்க்கர் ஏறினா ஆள் கெட்டுட்டாரா?

நெட்ல இருக்கிற பயமுறுத்தல்ல முக்கால்வாசி சறுக்குறது இந்த இடத்துலதான். ஊசி போட்டதும் மாலோன்டைஆல்டிஹைடு ஏறிச்சுன்னு காட்டுற ஆய்வுகள் பெரும்பாலும் இருபது முப்பது பேரை வெச்சு சில மணி நேரம் பார்த்தது. ஏறினது உண்மை, அப்புறம் இறங்குறதும் உண்டு. அப்படி வாரவாரம் ஏறி இறங்குறது பத்து வருஷத்துல ரத்தக்குழாயை அடைக்குமாங்கிறது தனிக் கேள்வி, அதுக்கு மார்க்கரை அளந்து பதில் சொல்ல முடியாது, ஆளுங்களை வருஷக்கணக்குல பின்தொடர்ந்து யாருக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு, யார் இறந்தாங்கன்னு எண்ணித்தான் பார்க்கணும்.

அதை எண்ணிப் பார்த்த பெரிய ட்ரையல் பிவோட்டல். பிரிட்டன்ல 50 சென்டர்ல, டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்குள்ள இருந்த 2,141 பேரை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு மாசாமாசம் 400 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸ், ஃபெரிட்டின் 700ஐத் தாண்டினாலோ டிரான்ஸ்ஃபெரின் நிறைவு (டிரான்ஸ்ஃபெரின் சீட்டுல எத்தனை சதவீதம் நிறைஞ்சிருக்குங்கிற கணக்கு) 40 சதவீதத்தைத் தொட்டாலோ நிறுத்தம். இன்னொரு குரூப்புக்கு ஃபெரிட்டின் 200க்குக் கீழயோ நிறைவு 20க்குக் கீழயோ இறங்கினா மட்டும். சராசரியா 2 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல பார்த்தாங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிட் ஆறது, மரணம், இது நாலும் சேர்ந்த கணக்குல அதிக இரும்பு குரூப்ல 29.3 சதவீதம், குறைவான குரூப்ல 32.3 சதவீதம். அதாவது அதிகம் வாங்கினவங்களுக்கு கெடுதல் கூடல, கொஞ்சம் குறைஞ்சே இருந்துச்சு. இன்ஃபெக்‌ஷன் ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. ரிசல்ட் வெளிவந்தது 2018 கடைசியில.

ஏன் அப்படி ஆச்சு? ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் பொய்யா? அப்படி இல்ல. இரும்பு போதுமான அளவு இருந்தவங்களுக்கு இபிஓ டோஸ் கம்மியா போதுமா இருந்துச்சு, ரத்தம் ஏத்த வேண்டிய தேவையும் குறைஞ்சுது. இபிஓ டோஸை ஏத்தி எச்பியை நார்மலுக்குத் தள்ளப் பார்த்த பழைய ட்ரையல்கள்ல, 2006ல வந்த சாய்ர், 2009ல வந்த ட்ரீட் மாதிரி, ஹார்ட் பிரச்சினையோ ஸ்ட்ரோக்கோ கூடினதைப் பார்த்தாச்சு. ஹார்ட்டுத் தசைக்கே வேலை செய்ய இரும்பு வேணும்ங்கிறதும் ஒரு விளக்கம். ஆக, இரும்பு கொடுத்தா ஒரு தீமை, கொடுக்கலைன்னா வேற தீமை, நிறுத்துப் பார்த்தா இந்த எல்லைக்குள்ள கொடுக்கிற பக்கம் தட்டு இறங்குது.

"எல்லைக்குள்ள"ங்கிற வார்த்தையை விட்டுடக்கூடாது

பிவோட்டலைக் காட்டி "இரும்பு எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு பேசுறவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பு. அந்த ட்ரையல்ல 700ல ஒரு கயிறு கட்டி இருந்துச்சு. கயிறு இல்லாம போனா என்ன ஆகும்னு அதுக்குள்ள பதில் கிடையாது.

உடம்புக்கு வெளியேத்துற வழி இல்லைன்னு முன்னாடி பார்த்தோம். 2012ல பிரான்ஸ்ல வந்த ஒரு எம்ஆர்ஐ ஆய்வுல, வழக்கமான டோஸ்ல இரும்பு வாங்கிட்டிருந்த டயாலிசிஸ் பேஷண்ட்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கல்லீரல்ல இரும்பு அதிகமா சேர்ந்திருந்ததைப் பார்த்தாங்க. அமெரிக்காவுல 2011ல டயாலிசிஸுக்கு மொத்தமா ஒரு தொகைன்னு பணம் கொடுக்கிற முறை வந்ததும் விலை அதிகமான இபிஓ குறைஞ்சு இரும்பு கூடுச்சு, பேஷண்ட்களோட சராசரி ஃபெரிட்டினும் ஏறிச்சு. மருத்துவக் காரணத்துக்கு மட்டும்தான் மருந்து கூடும்னு நம்புறவங்க கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்ஃபெக்‌ஷன் விஷயமும் இப்படித்தான். பாக்டீரியாவுக்கும் இரும்பு வேணும், டிரான்ஸ்ஃபெரின் பிடிச்சு வெச்சிருக்கிற வரைக்கும் அதுக்குக் கிடைக்காது, சும்மா கிடந்தா விருந்து. அமெரிக்காவுல ஒரு லட்சத்துக்கும் மேல டயாலிசிஸ் பேஷண்ட்களோட ரெக்கார்டை வெச்சு 2013ல வந்த ஆய்வுல, கொஞ்ச நாளுக்குள்ள மொத்தமா அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு, சின்னச் சின்னதா வாங்கினவங்களை விட, இன்ஃபெக்‌ஷனால அட்மிட் ஆறது கூடுதலா இருந்துச்சு, அதுலயும் ஃபிஸ்டுலா (கையில ரத்தக்குழாய்களை இணைச்சுப் பண்ற வழி) இல்லாம கதீட்டர்ல (ரத்தக்குழாய்க்குள்ள வெக்கிற டியூப்) டயாலிசிஸ் ஓடுறவங்களுக்கு இன்னும் அதிகம். ரெக்கார்டை வெச்சுப் பண்ணினது, ட்ரையல் அளவுக்கு உறுதி இல்ல, ஆனா மேல போட்ட சீட்டுக் கணக்கோட சரியா ஒத்துப்போகுது. ரத்தத்துல கிருமி பரவி காய்ச்சல் ஓடிட்டு இருக்கிறப்ப அயர்ன் ஊசியைத் தள்ளி வைக்கணும்னு சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது.

இரும்பே வேண்டாம், ரத்தம் ஏத்திக்கலாம்னா?

சிலர் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்னு படிச்சுட்டு ஊசியை மறுத்துடுறாங்க, எச்பி 6க்கு இறங்கி கடைசியில ரத்தம் ஏத்த வேண்டி வருது. ஒரு யூனிட் ரத்தத்துல இருக்கிற இரும்பு 200 முதல் 250 மில்லிகிராம். நூறு மில்லிகிராமுக்குப் பயந்து ரெண்டு மடங்குக்கு மேல வாங்கிக்கிற மாதிரி ஆகுது. அதோட நிக்காது, அடுத்தவங்க ரத்தம் ஏற ஏற உடம்புல எதிர்ப்பொருள் உருவாகும், நாளைக்கு கிட்னி மாத்தணும்னு வரும்போது பொருந்துற டோனர் கிடைக்கிறது கஷ்டமாயிடும். டிரான்ஸ்பிளான்ட் யோசனை இருக்கிறவங்க இதை முக்கியமா தெரிஞ்சு வெச்சுக்கணும்.

விட்டமின் மாத்திரை போட்டு அடக்கிடலாமா

வைட்டமின் ஈ பத்தி கொஞ்சம் ஆதாரம் இருக்கு. 2000ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, 100 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸ் ஏத்துறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 1,200 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தப்ப கொழுப்பு கெடுற மார்க்கர் ஏத்தம் குறைஞ்சுது. ஆனா திரும்பவும் அதே பிரச்சினை, குறைஞ்சது மார்க்கர். அதை வெச்சு ஆயுள் கூடுச்சுன்னு யாரும் நிரூபிக்கல, அதனால இது வழக்கமான சிகிச்சையா ஆகல.

வைட்டமின் சி விஷயத்துல கைவைக்காம இருக்கிறது நல்லது. ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேர் இருந்தாலும் அது ஃபெரிக் இரும்பை ஃபெரஸா மாத்தும், அதாவது ஃபென்டன் வினைக்கு விறகு எடுத்துக் கொடுக்கிற வேலை. அதிகமா போட்டா ஆக்சலேட்டா மாறி கிட்னி வழியா போக வழியில்லாம உறுப்புகள்ல படியும். டயாலிசிஸ்ல கழுவிப் போறதை ஈடு கட்டுற அளவுக்கு நாளைக்கு 60 முதல் 100 மில்லிகிராம், அதுவும் டாக்டர் எழுதினா.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்க்கிறது

ரெண்டு நம்பர். ஃபெரிட்டின் சேமிப்பைச் சொல்லும், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு சதவீதம் ஓட்டத்துல இருக்கிறதைச் சொல்லும், சீரம் அயர்னை மொத்தக் கொள்ளளவால வகுத்து நூறால பெருக்கினா வர்றது.

1. ரெண்டும் கம்மி: உண்மையான பற்றாக்குறை, ஊசி தேவைங்கிறதுல சந்தேகமே இல்ல.
2. ஃபெரிட்டின் அதிகம், நிறைவு கம்மி: இதுதான் தலைவலி பிடிச்ச வகை. ஹெப்சிடின் கதவை உடைச்சதாலயும் இருக்கலாம், எங்கயோ இன்ஃபெக்‌ஷன் இருந்து ஃபெரிட்டின் மட்டும் பொய்யா ஏறி இருக்கலாம், ஏன்னா அழற்சி வந்தாலே ஃபெரிட்டின் ஏறும். அழற்சியைக் காட்டுற சிஆர்பி டெஸ்ட் கூட சேர்த்துப் பார்த்து, கதீட்டர், பல், காலு புண்ணுன்னு தேடிட்டுதான் முடிவு பண்ணணும். 2007ல வந்த ட்ரைவ் ட்ரையல்ல ஃபெரிட்டின் 500 முதல் 1,200 வரைக்கும், நிறைவு 25 சதவீதம் வரைக்கும் இருந்தவங்களுக்கு 1 கிராம் இரும்பு கொடுத்தப்ப எச்பி ஏறத்தான் செஞ்சுது, ஆனா பார்த்தது சில வாரம்தான், நீண்ட காலப் பாதுகாப்புக்கு அதைச் சாட்சியா கூப்பிட முடியாது.
3. ரெண்டும் அதிகம்: நிறுத்தி வைக்கிற நேரம். இதுல ஏத்தினா டிரான்ஸ்ஃபெரின்ல சீட்டே இல்ல.

2012ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் நிறைவு 30 சதவீதத்துக்குள்ளயும் ஃபெரிட்டின் 500க்குள்ளயும் இருந்தா ஊசி முயற்சி பண்ணலாம்னு சொல்லிச்சு, பிவோட்டல் வந்ததுக்கப்புறம் 700 வரைக்கும் போறதுல பல டாக்டர்களுக்குத் தயக்கம் குறைஞ்சிருக்கு. உங்க யூனிட்ல மேல் எல்லை எவ்வளவு, கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தாங்க, காய்ச்சல் இருந்தா நிறுத்துறாங்களான்னு கேட்கிறது "இந்த ஊசி கெடுதலாமே"ன்னு கேட்கிறதை விட உபயோகமான கேள்வி.

ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், நிறைய இடத்துல தப்பு நடக்கிறதும் இதுலதான்: அயர்ன் ஏத்தின அன்னைக்கோ மறுநாளோ ரத்தம் எடுத்தா, இன்னும் மேக்ரோஃபேஜுக்குள்ள போகாத மருந்தையும் மெஷின் சேர்த்து அளந்துடும், நிறைவு 80, 90ன்னு கூட காட்டும், பார்த்தவுடனே வீடே பதறும். நூறு மில்லிகிராம் டோஸுன்னா ஒரு வாரம், ஒரே தடவையில பெரிய டோஸ் போட்டிருந்தா ரெண்டு வாரமாவது விட்டுட்டு, செஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்தான் கணக்கு.